ஏரிக்கு அக்கரையில் ஒரு ஜூபிட்டர்

பிப்ரவரி 5, வியாழன்

பார்த்தது: ஜூபிட்டர். மாலை 7.10 முதல் 7.30 வரை. மொட்டை மாடி, கிழக்குத் தாம்பரம். காற்று சுமார். தெரிந்தது: மங்கலாக ஒரு இட்லி. இட்லியின் மேல் இரண்டு கோடு இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

புது நோட்டின் முதல் பக்கத்தில் கருவி விவரம், ஆள் விவரம் எழுதுவது ஆபீஸ் பழக்கம். எழுதிவிடுகிறேன்.

கருவி: ஐந்து அங்குலக் கண்ணாடி வைத்த டெலஸ்கோப். வாங்கியது ஞாபகம் இல்லை. போன ஆகஸ்ட், செப்டம்பரில் போனில் எதையெதையோ அழுத்தியிருக்கிறேன். ஒரே மாதிரி மூன்று குடை, கால் பிடித்துவிடும் மெஷின், பூரிக்கட்டை, இது. திருப்பி அனுப்பும் தேதி எல்லாவற்றுக்கும் முடிந்துவிட்டது. உபயோகத்தில் இருப்பது பூரிக்கட்டை மட்டும்.

ஆள்: வில்பிரட், 33. குரோம்பேட்டையில் ஒரு கம்பெனியில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் இன்ஜினியர். மனைவி ஜென்சி போன ஜூலையில் இறந்துவிட்டாள். ஆறு நாள் காய்ச்சல்.

உடன் இருப்பவர்: அத்தை. ஜென்சியின் அம்மா, தபீதாள். தபால் ஆபீஸில் முப்பத்திரண்டு வருஷம் கடிதம் பிரித்து ரிட்டயர் ஆனவர். அடக்கம் முடிந்ததும், "பத்து நாள் இருந்துட்டுப் போறேன்" என்று வந்தார். ஏழு மாதம் ஆகிறது. அந்தப் பத்து நாளைப் பற்றி இரண்டு பேரும் பேசுவதில்லை.

இன்று அவரையும் பார்க்கச் சொன்னேன். ஐந்து வினாடி பார்த்தார்.

"லைட் எரியுது மாப்பிள்ளை."

"அது ஜூபிட்டர் அத்தை."

"ஆமா. எரியுது." சாப்பிட வரச் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

பிப்ரவரி 8, ஞாயிறு

கோளாறு டெலஸ்கோப்பில் இல்லையாம், கண்ணிலாம். வலைத்தளத்தில் ஒருவர் விவரமாக எழுதியிருக்கிறார். பழகாத கண் ஐந்து நிமிடத்தில் "பார்த்தாச்சு" என்று சொல்லிவிடும். தினமும் இருபது நிமிடம் உட்கார வேண்டும். பார்த்ததை வரைய வேண்டும். அதோடு ஒரு பயிற்சி: வேறு ஒருவர் நமக்குக் காட்டாமல் ஒரு பொய்க் கிரகம் வரைந்து, பகல் வெளிச்சத்தில் வெகு தூரத்தில் ஒட்டிவைக்க வேண்டும். அதை டெலஸ்கோப்பில் பார்த்து வரைந்து, அப்புறம் அசலோடு ஒப்பிட வேண்டும்.

ஆபீஸில் நாங்கள் ஆபரேட்டருக்கு வைக்கிற சோதனையும் இதேதான். அளவு தெரிந்த ஒரு கட்டையைக் கொடுத்து அளக்கச் சொல்வோம். ஆள் அளக்கிறானா, நினைத்ததை எழுதுகிறானா என்று தெரிந்துபோகும்.

கோயிலில் ஆராதனை முடிந்து வரும் வழியில் அத்தையிடம் சொன்னேன்.

"எவ்ளோ தூரத்துல ஒட்டணும்?"

"அறுநூறு மீட்டர்."

"என் வீட்டு மாடி டேங்க் இங்கேருந்து தெரியும்ல? தினம் காலைல செடிக்குத் தண்ணி ஊத்தப் போறேன். அப்படியே ஒட்டிட்டு மிஸ்டு கால் குடுக்கறேன்."

அத்தை வீடு ஏரிக்கு அந்தக் கரையில். ஜென்சி வளர்ந்த வீடு. பூட்டிக் கிடக்கிறது. ஜூலைக்குப் பிறகு நான் அங்கே போகவில்லை. மேப்பில் அளந்தேன். 610 மீட்டர்.

இரவுச் சாப்பாட்டின்போது ஜெஃப்ரி கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தான். ஜென்சியின் தம்பி. மே மாதம் வந்து அம்மாவை அழைத்துப் போகிறானாம். அந்த வீட்டை விற்றுவிடலாமாம். அத்தை போனைக் கையால் மூடிக்கொண்டு, "நீங்க என்ன சொல்றீங்க மாப்பிள்ளை?" என்றார்.

"உங்க இஷ்டம் அத்தை" என்றேன்.

"மாப்பிள்ளைக்கு ஆட்சேபணை இல்லையாம்" என்று போனில் சொன்னார்.

எனக்கு ஆட்சேபணை இருக்கிறதா? யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. ஏழு மாதமாக எதை யோசித்தாலும் இப்படித்தான்.

பிப்ரவரி 10, செவ்வாய்

முதல் கிரகம். நான் வரைந்தது: மூன்று பட்டை, ஒரு புள்ளி. அசல்: ஐந்து பட்டை, இரண்டு புள்ளி, ஓரத்தில் "பாக்கியம் ஸ்வீட்ஸ்" என்று எழுத்து. அட்டை அந்த டப்பாவிலிருந்து வெட்டியதாம்.

அத்தை மதிப்பெண் போடுவதில்லை. என் படத்தின் மேல் சிவப்பு மையில் எழுதினார்: "விலாசம் முழுமையாக இல்லை."

பிப்ரவரி 12, வியாழன்

"பெறுநர் கதவு பூட்டி உள்ளது."

பிப்ரவரி 15, ஞாயிறு

சாயங்காலம் ஜெயவேலு வந்தார். அத்தை வீட்டுக்குப் பக்கத்து வீடு. ஒரு காலத்தில் அந்தக் கரை முழுக்க அவர்கள் குடும்பத்து வயல். இப்போது வயல் இருந்த இடத்தில் அவர் கட்டிய ஆறு வீடு வாடகைக்கு ஓடுகிறது. ஹெல்மெட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. நீங்க காலைல குழா ஒண்ணு வெச்சிகினு எங்க மாடிய பாத்துகினு கீறீங்கன்னு எங்க வூட்ல சொல்லுது."

"உங்க மாடி இல்லண்ணா. பக்கத்து மாடி."

"அங்க இன்னா கீது?"

"ஜூபிட்டர்."

அத்தை காபியோடு வந்து, "அட்டை ஜூபிட்டர்" என்று திருத்தினார். அதற்குப் பிறகு ஜெயவேலு முகத்தில் சந்தேகம் இரண்டு மடங்கானது.

மாடிக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். ஹெல்மெட்டைக் கழற்றினார். கண் வைத்தார்.

"இன்னா சார், என் வூடு தலகீழா தொங்குது."

"இதுல அப்படித்தாண்ணா தெரியும். வானத்துக்கு மேல கீழ கிடையாது, அதனால யாரும் கண்டுக்கறதில்ல."

"டேங்க்கு மூடி கீழ கீது. தண்ணி மட்டும் ஊத்தவே இல்ல பாரேன்." கொஞ்ச நேரம் அசையவில்லை. "பட்டு வருது. தலகீழா இன்னா ஜோரா நடக்குது... கையில இன்னா அது? என் புது லுங்கி சார் அது. அத்த வெச்சி மாடி தொடைக்குது."

கண்ணை எடுக்காமலே போன் போட்டார். "ஏ பட்டு, அத்த கீழ வை. எத்தயா? லுங்கிய. எனக்கு எப்படித் தெரியுமா? நான் பாத்துகினுதான் கீறேன்."

அவர் எனக்கும் காட்டினார். அவர் மனைவி பட்டு அக்கா நாலு திசையும் திரும்பிப் பார்த்தார், வானத்தையும் பார்த்தார், லுங்கியைப் பொத்தென்று போட்டுவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றார்.

போகும்போது ஜெயவேலு என் கையைக் குலுக்கினார். "நல்ல ஐட்டம் சார். வாராவாரம் வர்றேன்."

புகார் வாபஸ் ஆனதாகத் தெரிகிறது.

பிப்ரவரி 19, வியாழன்

இன்றைய கிரகம் இதுவரை வந்ததிலேயே மிகச் சிறந்தது. அத்தைக்கு இவ்வளவு கைத்திறன் இருக்கும் என்று நினைக்கவில்லை. தந்த நிறம். விளிம்பு மட்டும் பழுப்பாகி உள்ளே போகப் போக வெளுக்கிறது. நிஜ ஜூபிட்டருக்கு அப்படித்தான் விளிம்பு கறுக்கும். பதினொரு வெள்ளைப் புயல்கள். இரண்டு சிவப்புப் பகுதிகள். தெற்கே கரும்பச்சையில் ஒரு கோடு. இருபத்தைந்து நிமிடம் உட்கார்ந்து வரைந்தேன். ஆபீஸுக்கு எடுத்துப்போய் மதியம் இரண்டு தடவை எடுத்துப் பார்த்தேன்.

சாயங்காலம் அத்தை கண்ணாடி போட்டுக்கொண்டு சரிபார்த்தார்.

"வெங்காயம் பதினொண்ணு, சரி. தக்காளி ரெண்டு, சரி. பச்சமிளகாய் மூணு போட்டேனே, ஒண்ணுதான் இருக்கு?"

என் படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன்.

"அட்டை தீந்துடுச்சு மாப்பிள்ளை. ஊத்தப்பம்தான் இருந்துச்சு. நாலு ஆணியில மாட்டினேன்."

சிவப்பு மையில்: "பார்சல் பகுதி சேதம்."

பிப்ரவரி 20, வெள்ளி

மிளகாய் விஷயத்தில் என் மேல் தப்பில்லை. நான் கண் வைப்பதற்குள் தெற்குப் பகுதியைக் காக்கா தின்றிருக்கிறது. பட்டு அக்கா சாட்சி. அத்தை மேல்முறையீட்டை ஏற்கவில்லை.

பிப்ரவரி 26, வியாழன்

இன்று வரைந்தது: நாலு பட்டை. வடக்குப் பட்டை நடுவில் கிழிந்திருந்தது. கீழே நீள்வட்டமாக ஒரு புள்ளி. வலது ஓரம் மூன்று சின்ன வெள்ளைகள். திருப்தியாக இருந்தது.

அத்தை படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். உள்ளே போய் அசலைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். வெறும் வெள்ளை வட்டம். திருப்பிக் காட்டினார். பின்பக்கமும் வெள்ளை.

"பேனா எடுத்துட்டுப் போக மறந்துட்டேன். இருக்கட்டும், நீங்க என்ன சொல்றீங்கன்னு பாக்கலாம்னு ஒட்டிட்டேன்."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு ரசத்துக்குத் தாளிக்கப் போனார்.

நாலு பட்டை எங்கேருந்து வந்துச்சு? பாத்தேனே. கிழிசல்கூட பாத்தேன். ஒரு ஆபரேட்டர் இப்படிப் பண்ணியிருந்தா அன்னிக்கே மெஷின்லேருந்து இறக்கிவிட்டிருப்பேன். என்னை எதுலேருந்து இறக்கறது —

பிப்ரவரி 27, வெள்ளி

புது விதி. தெரியாவிட்டால் "தெரியவில்லை" என்று எழுத வேண்டும். இன்று வரைந்தது: வட்டம், ஒரு பட்டை, மூன்று "தெரியவில்லை".

"இதுதான் மொதல் தடவை சரியான விலாசம்" என்றார் அத்தை.

மார்ச் 2, திங்கள்

அத்தைக்கு ஜலதோஷம். கிரகம் இல்லை. அதே இருபது நிமிடத்தில் ஜென்சி முகத்தை ஞாபகத்திலிருந்து வரைந்து பார்த்தேன். போட்டோ பார்க்கக் கூடாது என்று விதி.

கண்ணாடி சரியாக வந்தது. இடது மைனஸ் 2.25, வலது மைனஸ் 1.75 என்பதுகூட ஞாபகம் இருக்கிறது. கண்ணாடிக்குள்ளே ஒன்றும் வரவில்லை. தெரியவில்லை, தெரியவில்லை என்று இரண்டு கண்ணிலும் எழுதினேன். மடித்து வைத்துவிட்டேன். அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். பசித்தது.

மார்ச் 6, வெள்ளி

முன்னேற்றம். நிஜ ஜூபிட்டரில் இன்று ஐந்து பட்டை. ஒவ்வொன்றையும் மூன்று தடவை உறுதி செய்துகொண்டுதான் எழுதுகிறேன். காற்று ஒரு நிமிடத்தில் இரண்டு வினாடி அசையாமல் நிற்கும். அந்த இரண்டு வினாடிக்காக மீதி ஐம்பத்தெட்டு வினாடியும் காத்திருக்க வேண்டும்.

பிறகு மிருகசீரிடத்தில் இருக்கும் நெபுலா என்கிற ஒளி மேகத்தைப் பார்த்தேன். மங்கலானதை நேராகப் பார்த்தால் மறைந்துவிடும், பக்கத்தில் எங்கோ பார்த்தால்தான் தெரியும் என்று அத்தைக்கு விளக்கினேன்.

"இதுக்கு எதுக்கு டெலஸ்கோப்? என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப ஜென்சி அப்பாவை நான் அப்படித்தான் பாத்தேன். பலகாரத் தட்டையே பாத்துக்கிட்டு நின்னேன். மனுஷன் காது மடல்ல மச்சம் இருந்தது வரைக்கும் தெரிஞ்சுது."

மார்ச் 12, வியாழன்

இன்று ஏழே முக்காலுக்கே கம்பெனி வண்டி. அதனால் மிஸ்டு கால் வருவதற்கு முன்பே டெலஸ்கோப்பைத் திருப்பி வைத்துக்கொண்டேன்.

அட்டை இன்னும் மாட்டவில்லை. டேங்க் சுவரில் முதுகைச் சாய்த்து அத்தை உட்கார்ந்திருந்தார். தலைகீழாக — எனக்கு மேலேயிருந்து தொங்குகிற மாதிரி. வாய் திறந்திருந்தது. கொட்டாவி என்று நினைத்தேன். கொட்டாவி ஐந்து வினாடியில் முடியும். இது முடியவில்லை. பாட்டு பாடுகிறார் என்று நினைத்தேன். பாட்டுக்கு யாரும் முந்தானையை வாயில் திணித்துக்கொள்ள மாட்டார்கள். தோள் குலுங்கியது. நிற்கும், மறுபடி குலுங்கும்.

610 மீட்டரில் இந்தக் கருவி மூன்று மில்லிமீட்டருக்குக் குறைந்த எதையும் காட்டாது. கண்ணீர்த் துளி அதைவிடச் சின்னது. ஆகவே கண்ணீரைப் பார்த்தேன் என்று எழுத முடியாது. மற்றதெல்லாம் பார்த்தேன். 6.31 முதல் 6.49 வரை.

பிறகு எழுந்தார். குழாயில் முகம் கழுவினார். அட்டையை மாட்டினார். நாலு அடி பின்னால் போய் நேராக இருக்கிறதா என்று பார்த்தார். இடது ஓரத்தைக் கொஞ்சம் தூக்கிவிட்டார். போனை எடுத்தார். என் பாக்கெட்டில் மணி அடித்தது.

இன்றைய கிரகத்துக்கு வளையம், இரண்டு கண், முறுக்கு மீசை.

மார்ச் 13, வெள்ளி

6.30 முதல் 6.46. கிரகத்துக்குத் தொப்பி.

மார்ச் 14, சனி

6.32 முதல் 6.50. எட்டு மணிக்கு வந்து, "என்ன மாப்பிள்ளை, இன்னிக்கு எத்தன பட்டை?" என்று கேட்டுக்கொண்டே இட்லி வைத்தார். முகத்தை நேராகப் பார்க்காமல் இட்லித் தட்டைப் பார்த்தேன். கண் இமை வீங்கியிருந்தது. இத்தனை மாதமாக இப்படித்தான் வீங்கியிருக்கும். ஜலதோஷம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 16, திங்கள்

அவங்க நல்லா இருக்காங்கன்னு நெனச்சேன். ஊத்தப்பம் மாட்டறாங்க, மீசை வரையறாங்க. அழணும்னா ரெண்டு கிலோமீட்டர் நடந்து போய் அழுதுட்டு வர்றாங்க. என் வீட்ல அழக் கூடாதுன்னு யாராவது சொன்னாங்களா? நான் சொன்னேனா?

இங்கே இருப்பது அவருக்குச் சிறை என்றுதான் அர்த்தம். மகனிடம் போனால் நிம்மதியாக இருப்பார். மே வரை வாயை மூடிக்கொண்டு இருப்பதே நான் செய்யக்கூடியது.

மார்ச் 22, ஞாயிறு

மே வரை போகவில்லை. ஜெஃப்ரி இன்றே வந்துவிட்டான். வீட்டுக்கு ஆள் கிடைத்துவிட்டதாம். ஈஸ்டர் முடிந்ததும் எழுதிக் கொடுத்துவிடலாமாம். லெந்து நோன்பு நாள் என்பதால் கறி இல்லை. வாழைக்காய் வறுவல், சாம்பார்.

"அத்தான், உங்களுக்கும் ஒரு லைஃப் இருக்கு. அம்மாவை எவ்ளோ நாள்தான் நீங்க பாத்துக்கறது?"

"நான்தான் அவரைப் பாத்துக்கறேன்" என்றார் அத்தை. "இருந்தாலும் நீ சொல்றது சரி. மாப்பிள்ளைக்கு முப்பத்தி மூணு வயசு. பழைய மாமியார் உக்காந்திருக்கற வீட்டுக்கு யாரு பொண்ணு குடுப்பா?"

"அப்ப முடிவு பண்ணிடலாம். அத்தான், நீங்க என்ன சொல்றீங்க?"

உங்க இஷ்டம் என்றுதான் சொல்ல வாய் திறந்தேன். வந்தது வேறு.

"வீட்ட வித்துட்டா அத்தை எங்க போய் அழுவாங்க?"

ஜெஃப்ரி வாழைக்காயைக் கையில் பிடித்தபடி நிறுத்திவிட்டான். "அம்மா எங்க அழறாங்க?"

"டேங்க் பக்கத்துல. காலைல ஆறரைக்கு. சராசரி பதினேழு நிமிஷம்."

சராசரி என்று ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. எழுதும்போதுகூடக் கூசுகிறது.

அத்தை கரண்டியைச் சாம்பாரிலேயே விட்டார். "எத்தன நாளா பாக்கறீங்க?"

"பத்து நாளா."

"அளவு வேற எடுத்திருக்கீங்க."

"அத்தை, நான் —"

"இந்த வீட்ல நீங்க ஒரு சொட்டு விட்டு நான் பாக்கல. சாமான் மாதிரி உக்காந்திருக்கீங்க. நான் அழுதா உங்களுக்குத் தொந்தரவா இருக்குமேன்னு அங்க போனேன். அங்கயும் குழா வெச்சுப் பாத்திருக்கீங்க. நல்லது."

நாலு மணிக்குப் பையைக் கட்டினார். வீடு கை மாறுகிற வரைக்கும் தன் வீட்டிலேயே இருந்துகொள்கிறாராம். ஜெஃப்ரி பையைத் தூக்கிக்கொண்டான். வாசலில் என்னிடம் மெதுவாகக் கேட்டான்: "தினமுமா அத்தான்?"

தலையாட்டினேன். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனான்.

மார்ச் 23, திங்கள்

சாம்பார் மிச்சம் இருந்தது. சாப்பிட்டேன்.

மார்ச் 25, புதன்

டெலஸ்கோப்பைச் சாக்கு போட்டு மூடிவிட்டேன். ஜெயவேலு போன் செய்தார்.

"சார், அம்மா மாடிக்கே வர மாட்டேன்றாங்க. செடிலாம் எங்க வூட்ல ஊத்துது. இன்னா பிரச்னை?"

"ஒண்ணுமில்லண்ணா."

"நீங்க ஒண்ணுமில்லன்றீங்க. அவங்களும் ஒண்ணுமில்லன்றாங்க. ரெண்டு பேரும் ஒண்ணுமில்லன்னா நான் ஏன் சார் பேஜாராயிகினு கீறேன்?"

போனை வைத்தேன். அத்தை கோயம்புத்தூர் போவதில் எனக்கு ஆட்சேபணை உண்டா என்று திரும்பவும் யோசித்தேன். இந்தத் தடவை உடனே தெரிந்தது. உண்டு. சொல்ல யாரும் வீட்டில் இல்லை.

மார்ச் 28, சனி

6.50க்கு மிஸ்டு கால்.

சாக்கை எடுத்தேன். அவசரத்தில் டேங்க்கைக் கண்டுபிடிக்கவே மூன்று நிமிடம் ஆனது. புது வெள்ளைத் தாள், வட்டமாக வெட்டியது. பக்கத்தில் யாரும் இல்லை.

தெரிந்தது: ஆறு பட்டைகள். கறுப்பு. ஒன்றுக்கொன்று இணை. ஒரு பக்க ஓரம் சீராக நிற்கிறது, மறுபக்கம் ஒழுங்கில்லை. ஏழாவது பட்டை பாதியில் நின்றுவிடுகிறது. எந்தக் கிரகமும் இப்படி இல்லை. பட்டைக்குள் சின்னச் சின்ன முடிச்சுகள் — இருக்கிறதா? உறுதியில்லை. காற்று நிற்கிற இரண்டு வினாடிக்காகக் காத்திருந்தேன். இருபது நிமிடம். நாற்பது. வெயில் ஏறி ஏரி மேல் காற்று கொதிக்க ஆரம்பித்துவிட்டது.

படத்தின் கீழ் எழுதினேன்: தெரியவில்லை.

வண்டி சாவியை எடுத்தேன். ஏரியைச் சுற்றி ஐந்து நிமிடம்தான். ஜூலைக்குப் பிறகு அந்தத் தெருவுக்குள் திரும்பும்போது ஏதாவது ஆகும் என்று பயந்துகொண்டே போனேன். தெருவில் ஜெயவேலு லுங்கியோடு நின்று, வழி விடுகிற போலீஸ் மாதிரி கை காட்டினார். கேட் திறந்திருந்தது. படி ஏறி நேராக மாடிக்குப் போனேன்.

அத்தையின் தபால் ஆபீஸ் கையெழுத்து. குண்டுகுண்டாக, மிகப் பொடியாக:

மாடி ரூம் ஃபேன் ஓடவில்லை.
பாத்ரூம் குழாய் இரவெல்லாம் சொட்டுகிறது.
ஜன்னலில் ஒரு பக்கக் கொக்கி இல்லை.
மெயின் சுவிட்ச் தானாக விழுகிறது.
இந்த நிலையில் வீட்டை யாருக்கும் விற்க முடியாது.
குடி வருகிறவர் ஒரு இன்ஜினியராக
இருந்தால் நல்லது.

பின்னால் செருப்புச் சத்தம். "அங்கேருந்து படிக்க முடிஞ்சுதா?"

"இல்ல அத்தை. பட்டைன்னு நெனச்சேன்."

"அங்கேருந்து எழுத்து தெரியாதுன்னு ஜெயவேலு சொன்னாரு. வாராவாரம் வந்து பாக்கறவராச்சே, அவருக்குத் தெரியும்."

"அப்புறம் ஏன் மிஸ்டு கால் குடுத்தீங்க?"

"தெரியலன்னா வந்துதானே ஆகணும்?"

ஃபேனைக் கழற்றிப் பார்த்தேன். கெப்பாசிட்டர் போயிருக்கிறது. வேறொன்றுமில்லை. ஏணியில் நின்றபடியே சொன்னேன், அத்தை முகத்தைப் பார்க்காமல்: "நீங்க கோயம்புத்தூர் போறதுல எனக்கு ஆட்சேபணை இருக்கு."

கீழே அத்தை ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

"ஸ்குரூ டிரைவரைக் கீழ போட்டுடாதீங்க" என்றார்.

மார்ச் 30, திங்கள்

வீடு விற்பனைக்கு இல்லை, நான் அங்கே குடி போகிறேன் என்றதும் ஜெஃப்ரி போனில் அரை மணி நேரம் கோபப்பட்டான். வாங்க வந்த ஆளிடம் என்ன சொல்வது, அக்கம்பக்கம் என்ன பேசும், மருமகன் மாமியார் வீட்டில் வந்து உட்கார்ந்துவிட்டான் என்பார்களே. எல்லாவற்றுக்கும் "ஆமா" என்றேன். கடைசியில் ஃபேன் என்ன கம்பெனி என்று கேட்டான்.

ஏப்ரல் 6, திங்கள்

ஈஸ்டர் முடிந்து சாமானை அத்தை வீட்டுக்கு மாற்றியாயிற்று. ஜெயவேலுவின் 'சின்ன யானை' சரக்கு வேனில் இரண்டு நடை. ஓட்டுவதை டிரைவரிடம் விட்டுவிட்டு டெலஸ்கோப்பை அவரே மடியில் பிடித்துக்கொண்டார். மூன்று குடையில் ஒன்று பட்டு அக்காவுக்குப் போயிற்று.

இந்த மாடியிலிருந்து கிழக்கு நன்றாகத் திறந்திருக்கிறது. மேற்கில் ஒரு கல்யாண மண்டபத்து லைட். சமாளிக்கலாம்.

ஏப்ரல் 9, வியாழன்

மூன்று நாளாகக் காலை ஆறரைக்கு அத்தை படியேறும் சத்தம் கேட்கிறது. என் அறை படிக்குப் பக்கத்தில். கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கிறேன்.

ஏப்ரல் 16, வியாழன்

இன்று நானும் எழுந்து போனேன். கையில் ஒன்றும் எடுத்துப் போகவில்லை.

அத்தை திரும்பிப் பார்த்தார். முந்தானையை வாயிலிருந்து எடுத்தார். டேங்க் ஓரமாகக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன். சிமென்ட் இரவு ஈரத்தில் சில்லென்று இருந்தது. ஏரியில் நீர்க்காகம் ஒன்று முழுகி எழுந்து முழுகிக்கொண்டிருந்தது.

"அவ இங்க உக்காந்துதான் பரீட்சைக்குப் படிப்பா" என்றார் அத்தை. "படிக்க மாட்டா. என்னை ஏமாத்துவா. வாய் மட்டும் அசையும்."

எனக்கு வாய் தெரிந்தது. கீழ் உதட்டைப் பல்லுக்குள் இழுத்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு. அதற்கு மேலே கன்னம். கண்ணாடிக்குள்ளே கண். முழுசா அவ இருந்தா.

அப்புறம் என்னிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. நாய் எங்கேயோ மாட்டிக்கொண்டது என்று நானே நினைத்தேன். நிறுத்த முடியவில்லை. அத்தை என் முதுகில் கையை வைத்தார். அவரும் ஆரம்பித்துவிட்டார். இரண்டு பேரும் சேர்ந்து நல்ல சத்தம்.

பக்கத்து மாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேல் பட்டு அக்கா எட்டிப் பார்த்தார், தோளில் ஈரத் துணியோடு. "இன்னாம்மா, காலங்காத்தால ரெண்டு பேரும்? இன்னா ஆச்சி?"

"ஒண்ணும் ஆவலம்மா" என்றார் அத்தை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அழுதுகிட்டு இருக்கோம். நீ துணியக் காயப் போடு."

பட்டு அக்கா கொஞ்சம் யோசித்தார்.

"சரி, அழுதுட்டு வாங்க. காபிக்குப் பால் வெக்கறேன். சாருக்கு சக்கரை எத்தன?"

"ஒண்ணரை" என்றேன். அது அழுகையோடு வந்ததால் அவருக்குப் புரியவில்லை. அத்தைதான் திருப்பிச் சொன்னார்.